பச்சைக் கரை போட்ட பேய்

என் கணவரின் எட்டு முழ வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, நாங்கள் இருக்கும் இதே ஆக்லாந்தின் இன்னொரு கோடியில், பாட்டனி டவுன்ஸில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் நாலு பேரிடம், "பாவம், பிள்ளை தெரியாம வெட்டிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. எனக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். பிள்ளை கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. அளவு பார்த்து, புருவப் பென்சிலால் புள்ளி வைத்து, சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியது நான். இடது கண் கொஞ்சம் மேலே போய்விட்டது. அதுவும் என் கைவேலைதான்.

அவர் போனது மே மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நாற்பத்து நான்கு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது அக்டோபர் கடைசியில், லேபர் டே நீண்ட வார இறுதியில் நடந்ததைப் பற்றி.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. இந்த ஊரில் பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அதுவரை அவள் வாயைத் திறந்தாலே ஏதாவது வேண்டும் என்றுதான் திறப்பாள். ஐஸ் வேண்டும், ஸ்டிக்கர் வேண்டும், டிரம்ஸ் கிளாஸ் வேண்டும், எங்கள் பேட்டை ரானுயி நூலகத்தில் ஒரே நேரத்தில் இருபது புத்தகம் வேண்டும். அப்பாவும் மகளும் சாயங்காலம் மூலையில் இருக்கும் டெய்ரிக்கு, இந்த ஊர்ப் பெட்டிக்கடைக்கு, நடந்து போனால் வெறுங்கையோடு திரும்பியதே கிடையாது. "நீங்க குடுக்கிற செல்லம்தான்" என்று நான் அவரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், "என்ன பொறுப்பான பிள்ளை, ஒரு தொந்தரவு இல்ல" என்று பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டினேன். எதைக் கேட்டாலும் "இட்ஸ் ஓகே" என்பாள். நூடுல்ஸ் பண்ணட்டுமா? இட்ஸ் ஓகே. நீச்சலுக்குப் போகிறாயா? இட்ஸ் ஓகே. ஆகஸ்டில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் மகள் விளையாட்டு நேரத்தில் ஓடுவதில்லை, ஷூ கடிக்கிறது போலிருக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கால் கட்டைவிரலிலும் நகம் கறுத்துப் போயிருந்தது. ஒரு டேர்ம் முழுக்கச் சின்ன ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கும் "இட்ஸ் ஓகே".

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளை எதையாவது கேட்டபோதெல்லாம் எங்களில் யாராவது அழுதிருக்கிறோம். பள்ளி கேம்ப் பற்றி அவள் பேச்செடுத்த அன்று நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கேட்டது ஒரு தோசை, அதற்கு அவள் அத்தை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதார். கேட்டால் பெரியவர்கள் உடைந்துபோகிறார்கள் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு, கேட்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அக்டோபரில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். தெற்கே இருக்கும் தீம் பார்க்கில் ஹாலோவீனுக்காகப் பிள்ளைகள் வேஷம் போட்டு ஊர்வலம் போவார்களாம், பேய் வீடு உண்டாம், வகுப்பில் பாதிப் பேர் போகிறார்களாம். சொல்லிவிட்டு ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், ரொம்ப மெதுவாக, அன்றைக்கு உனக்கு அழுகை வராது என்றால் நாமும் போகலாமா என்று கேட்டாள்.

அவள் முடிப்பதற்குள் "போறோம்" என்றேன். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று போனில் டிக்கெட் எடுத்தேன். விட்டால் மனசு மாறி "இட்ஸ் ஓகே" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

என்னவாக வேஷம் போடப் போகிறாய் என்றால், சும்மா ஒரு பேய் என்றாள். வெள்ளைத் துணி, இரண்டு கண், அவ்வளவுதான். நம் ஊர்ப் பேய் என்றால் தலையை விரித்துப் போட்டு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த ஊர்ப் பேய்க்கு ஒரு பெட்ஷீட் போதும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வரைக்கும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் தம்பி போன மூன்றாம் நாள், "பொட்ட எடுக்காத, இந்த ஊர்ல யாரு கேக்கப் போறா" என்று என் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டதே அவர்தான். ஆனால் சாஸ்திரம் என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதையும் அவரேதான் முடிவு செய்வார்.

"வருஷம் திரும்பல. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாதுன்னு தெரியும்ல?" என்றார் போனில்.

"தெரியும் அண்ணி. அதான் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்கலியே. ஹாலோவீன் எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கு?"

"வாய் மட்டும் குறையல. அது பேய்ப் பண்டிகைம்மா. தகப்பன் போய் அஞ்சு மாசம், பிள்ளைக்குப் பேய் வேஷம் போட்டுக் கூட்டிட்டுப் போவியா? கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

கேட்பவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் லிஸ்ட் வரும். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அண்ணியும் அவர் கணவரும் எங்களோடு வருவார்கள், குடும்பமாகப் போய் வந்தால் அது வெறும் ஊர் சுற்றல்தான். ரைடில் ஏறலாம், புளியோதரை சாப்பிடலாம். வேஷம் கீஷம் கூடாது. நான் "சரிங்க அண்ணி" என்றேன். இருபது வருஷமாக மருமகளாக இருப்பவளுக்கு இந்த "சரிங்க அண்ணி" தண்ணீர் பட்டபாடு. அதற்கு ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை, போனை வைக்கப் போகிறேன் என்று மட்டும்தான் அர்த்தம்.

சனிக்கிழமை வெஸ்ட்கேட் பார்மசியில் என் வேலை முடிந்து வீடு வர ஆறு மணி. அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை பெட்ஷீட் கூட கிடையாது. அழுக்குத் தெரியும் என்று ஒன்றுகூட வாங்கியதில்லை. எல்லாம் பூப்போட்டது, கட்டம் போட்டது, அடர் நீலம். வீட்டில் வெள்ளையாக இருந்தது அவருடைய வேட்டிகள் மட்டும்தான்.

அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வேட்டிக்கு மாறிவிடுவார். ஆக்லாந்து குளிரில் உள்ளே தெர்மல் பேன்ட், மேலே வேட்டி, காலில் கம்பளி சாக்ஸ். கூரியர்காரன் பெல் அடித்தால் அந்தக் கோலத்தில்தான் போய்க் கதவைத் திறப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். நாலு வேட்டி இருந்தது. துவைத்து, மடித்து, ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். யாருக்காவது கொடுத்துவிடு என்று அண்ணி சொன்னார். கொடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் ஞாயிறு காலை போகிற வழியில் ஒரு பெட்ஷீட் வாங்கியிருக்கலாம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்கு அந்த வேட்டியைத்தான் வெட்ட வேண்டும் போலிருந்தது. ஐந்து மாதமாக அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். அதற்குப் பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து மேலே இருந்ததை எடுத்தேன். பச்சைக் கரை. உதறி மகளின் தலை மேல் போட்டேன்.

உள்ளேயிருந்து அவள், "இஸ் இட் அலவ்ட்?" என்றாள்.

"என் வீட்ல நான்தான் சொல்லணும். ஆடாம நில்லு" என்றேன். அவள் ஆடினாள். அதனால்தான் இடது கண் மேலே போனது.

அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். எட்டு முழம், முன்னாலும் பின்னாலும் தரையில் புரண்டது. இரண்டு கைப் பக்கமும் பச்சைக் கரை தொங்கியது. அப்படி ஒரு பேயை ஆக்லாந்து பார்த்திருக்காது. உள்ளே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. துணி குலுங்கியது. கண் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை மேற்கே எங்கள் பக்கம் மழை, தெற்கே வெயில். இங்கே ஹாலோவீன் வசந்தத்தில் வரும். பூசணிக்காய்க்கு அது காலமே இல்லை, ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம் போகாது. பேய்கள் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வருகிற ஊர் இது. கார் நிறுத்துமிடத்திலேயே சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் தள்ளுவண்டியில் தூங்கும் ஒரு குட்டித் தேனீயும் வந்துவிட்டார்கள். அண்ணியின் கணவர் புளியோதரையும் தயிர் சாதமும் வைத்த சில்லி பின்னை, அதாவது குளிர்பெட்டியை, தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

நான் மகளை வெளியே இருந்த கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பையிலிருந்த வேட்டியை எடுத்துப் போர்த்திக் கூட்டிவந்தேன். அண்ணி பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை. "சரின்னு சொன்னியே" என்றார். "சொன்னேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உள்ளே போக வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். பேயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "இது கரை வேட்டி எல்லோ! எங்கட ஆக்கள்தான்" என்றார். குனிந்து, "ஆற்ற வேட்டி பிள்ளை இது?" என்று கேட்டார்.

வேட்டிக்குள்ளிருந்து "மை டாட்ஸ்" என்று குரல் வந்தது.

"ஐயோ, அப்பா வீட்டில வேட்டியைத் தேடப் போறாரே!" என்று சொல்லி அவர் பெரிதாகச் சிரித்தார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு என்ன தெரியும். நானும் ஒரு மாதிரி சிரித்து வைத்தேன். ஆனால் அண்ணி திரும்பிவிட்டார். முதல் தடவையாகப் பேயை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கையை நீட்டி அந்தப் பச்சைக் கரையைப் பிடித்து, விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார்.

"இது நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது" என்றார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நாலு வேட்டியில் எது யார் கொடுத்தது என்று நான் பார்த்ததே இல்லை. மேலே இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தில் நான் செய்தது தப்பு. அதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்கு இடம் தரவில்லை.

"வெட்டிருக்கு" என்றார். "பிள்ளை வெட்டிடுச்சா?"

"நான்தான் வெட்டினேன்."

"நீ அவளுக்காகச் சொல்ற."

"இல்ல அண்ணி. கத்தரிக்கோல் என் கையிலதான் இருந்துச்சு."

அவர் குரல் தாழ்ந்தது. அது உயர்வதைவிட மோசம். "கழட்டச் சொல்லு. இப்பவே. செத்தவன் துணியப் போத்திக்கிட்டுப் பேய் வேஷமா? என் தம்பியப் பேயாக்கி ஊருக்குக் காட்டுறியா?"

வரிசையே எங்களைப் பார்த்தது. தமிழ் புரியாதவர்களும் பார்த்தார்கள். அந்த ஐயா முகம் செத்துப்போய்த் தன் பேரப்பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். என் மகள் அசையாமல் நின்றாள். பிறகு வேட்டிக்குள் அவள் கைகள் மெல்ல மேலே வருவது தெரிந்தது. துணியைச் சுருட்டத் தொடங்கினாள். ஐந்து மாதமாக நான் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன அதே குரலில், "இட்ஸ் ஓகே. இட்ஸ் ஓகே, அத்தை" என்றாள்.

நான் அவள் தலையில் கையை வைத்து வேட்டியைக் கீழே அழுத்திப் பிடித்தேன்.

"கழட்டாத" என்றேன். பிறகு அண்ணியிடம் சொன்னேன். மெதுவாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. "அண்ணி, இந்தப் பிள்ளை அஞ்சு மாசமா ஒண்ணும் கேக்கல. ஷூ கடிக்குதுன்னுகூட சொல்லல. கால் நகம் கறுத்துப்போச்சு, அப்பவும் சொல்லல. முத முதலா ஒண்ணு கேட்டா. அது இதுதான். இத நான் கழட்டச் சொன்னா, இனிமே இவ எங்கிட்ட எதையும் கேக்க மாட்டா. நீங்க எடுத்துக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாது, அது என் தப்பு. வீட்ல இன்னும் மூணு இருக்கு, வேணும்னா எடுத்துக்கங்க. ஆனா இது இன்னிக்கு இவ மேலதான் இருக்கும்."

"பேய்டி அது" என்றார் அண்ணி.

"பேயா வந்தா வரட்டும் அண்ணி. வேணாம்னா சொல்லப் போறேன்?"

அதை யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. சொன்ன பிறகும் நான் அழவில்லை. அழ மாட்டேன் என்று அந்தப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தேனே. அண்ணி கரையிலிருந்து கையை எடுத்தார். வரிசையை விட்டு விலகிப்போய், வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவர் கணவர் சில்லி பின்னைக் கீழே வைத்தார். "நீங்க உள்ள போங்கம்மா. நான் இவளப் பாத்துக்கறேன்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நாங்கள் உள்ளே போனோம். நான் கொஞ்சம் வேகமாக நடந்தேன். இருபது வருஷத்தில் நான் அண்ணியை எதிர்த்து நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் முறை. தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பேசியிருக்கலாம் என்றும் இருந்தது. உள்ளதைச் சொன்னால் இரண்டாவதுதான் அதிகம்.

ஊர்வலம் பதினொன்றரைக்கு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் மேளம் அடிக்கிற ஒருவர், பின்னால் பெரிய பூசணி வேஷத்தில் ஒருவர். பெற்றோர்கள் ஓரமாகக் கூடவே நடக்கலாம். நடுவில் இங்கேயும் ஒரு மழை வந்து போயிருந்ததால் தரையெல்லாம் ஈரம். என் மகள் முன்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கம் இரண்டு முழம் இழுபட்டுக்கொண்டு வந்தது. ஒரு டைனோசர் அதை மிதித்தது. அவள் தடுமாறினாள், ஆனால் நிற்கவில்லை. அடுத்து ஒரு சூனியக்காரி மிதித்தாள். நான் குனிந்து அள்ளிப் பிடிக்கப் பார்த்தேன், கூட்டத்தில் முடியவில்லை.

அப்போது யாரோ என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள். அண்ணி. எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியாது. நேராகப் பேயிடம் போய், ஈரத் தரையில், நல்ல பட்டுச் சுடிதாரோடு முட்டி போட்டு உட்கார்ந்தார். ஊர்வலம் எங்களைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து போனது.

"எட்டு முழத்த இப்படியா தரையில விடுவாங்க? கரையெல்லாம் சேறு" என்று அதட்டினார். என்னைப் பார்த்து இல்லை, வேட்டியைப் பார்த்து. நம் பெண்கள் எல்லாருக்கும் வளையலில் நாலு சேப்டி பின் தொங்கும் இல்லையா, அதில் இரண்டைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தை அழகாகக் கொசுவி, இடுப்புக்கு மேலே தூக்கிப் பின் குத்தினார். முன்பக்கத்துக்கும் ஒன்று. அவர் கை நிதானமாக வேலை செய்தது, கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பேய் அவரைக் குனிந்து பார்த்தது. "அத்தை, பயமா இருக்கா?" என்று கேட்டது. தமிழில்.

"உன்னப் பாத்தா? போடி" என்றார் அண்ணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "நட. வரிசை போயிடுச்சு பாரு."

அவர் சமாதானமாகிவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், அப்படி இல்லை. மறுபடியும் பெஞ்சுக்கே போய்விட்டார். வேட்டி சேற்றில் புரள்வதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை, என்னை மன்னிக்க வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தம்பியை இழந்தவர், அவருக்கும் உரிமை இருக்கிறது. அவர் கோபம் அவருக்கு. என் கோபம் எனக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மாதத்துக்கு ஒரு தடவை சேர்ந்து சாப்பிடுகிறோம்.

ஊர்வலத்தில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அட்டையில் அடுப்பு செய்து தலையில் மாட்டியிருந்த ஒரு பையனுக்குக் கிடைத்தது. நல்ல அடுப்புதான். நாங்கள் பேய் வீட்டுக்குப் போனோம். உள்ளே இருட்டு, புகை, ஒரு திருப்பத்தில் முகத்தில் ரத்தம் பூசிய இளைஞன் ஒருவன் "வ்வா!" என்று குதித்தான். நான் வீல் என்று கத்தினேன். என் மகள் வேட்டிக்குள்ளிருந்து, அவனைவிடப் பலமாக, "வ்வா!" என்றாள். அந்தப் பையன் நல்லவன். பயந்தது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகச் சரிந்து விழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, வெளியே வந்த பிறகும் நிற்காமல் சிரித்தேன். வேலிக்கு அப்பால் பெஞ்சிலிருந்து அண்ணி திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. புருஷன் போய் ஐந்து மாதத்தில் ஒருத்தி இப்படிச் சிரிக்கலாமா என்று யாராவது கேட்டால், சிரித்தேன், அது மட்டும்தான் என்னிடம் இருக்கிற பதில்.

அதற்கப்புறம் படகு போல ஆடும் ரைடில் மூன்று தடவை. சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுகிற ரைடில் இரண்டு தடவை, வேட்டி நனைந்துவிடும் என்று அதை மட்டும் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் கார் பக்கத்தில் நின்று நாலு பேரும் புளியோதரை சாப்பிட்டோம். அண்ணி என் தட்டிலும் வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். அப்பளம் ஒன்று கூடவே வைத்தார். நானும் அதைச் சாப்பிட்டேன்.

நாலரை மணிக்குக் கிளம்பலாம் என்றேன். மகள் நகரவில்லை. படகில் இன்னொரு தடவை ஏற வேண்டும் என்றாள். நேரமாகிவிட்டது என்றேன். "ஒன் மோர்" என்றாள். மூடப் போகிறார்கள் என்றேன். அவள் முகம் கோணியது. கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். கார் நிறுத்துமிடத்தின் நடுவில், நூறு பேர் பார்க்க, காலைத் தரையில் உதைத்து, "இட்ஸ் நாட் ஃபேர்!" என்று கத்தினாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மூன்று வயதில் செய்த அடம் மொத்தமும் திரும்பி வந்தது.

"என்ன பழக்கம் இது? ஒன்பது வயசுப் பிள்ளை. அடக்கி வை" என்றார் அண்ணி.

"கேக்கட்டும் அண்ணி" என்றேன்.

அவளைத் தூக்கித்தான் காரில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. மோட்டார்வேயில் ஏறியதும் அழுகை நின்றது. கேள்வி நிற்கவில்லை. நாளைக்கு மறுபடி வரலாமா? பொது விடுமுறைதானே? வர முடியாது என்றேன். அப்படியானால் தோழி வீட்டில் தூங்கப் போகலாமா? பார்க்கலாம் என்றேன். ராத்திரிக்கு பீன்ஸ் பொரியல் வேண்டாம், பிட்ஸா வேண்டும். வீட்டில் மாவு இருக்கிறது, தோசைதான் என்றேன். பெருமூச்சு விட்டாள். ரானுயிக்குத் திரும்புகிற இடம் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ யோசித்தாள். பிறகு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு பூனை வளர்க்கலாமா என்றாள். அம்மா, ப்ளீஸ், ஒரே ஒரு பூனை, நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பூனை எல்லாம் கிடையாது என்றேன்.

"ஏன்?" என்று கேட்டாள்.